புதைத்ததைத் தோண்டலாமா?

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழ்ப் பத்திரிகை படிக்க வரும் ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். படிப்பது அரை மணி, பேசுவது இரண்டு மணி என்பது எங்கள் வழக்கம். அப்படி ஒரு மாலையில் அகமதாபாத் விமான விபத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. 2025 ஜூன் 12-ஆம் தேதி லண்டனுக்குப் புறப்பட்ட அந்த விமானம் கிளம்பிய சில விநாடிகளிலேயே விழுந்தது. அதில் இருந்த 242 பேரில் 241 பேரும், தரையில் இருந்த 19 பேரும் மாண்டார்கள். பெரும்பாலான உடல்களை டி.என்.ஏ. சோதனை செய்துதான் ஒப்படைத்தார்கள். அப்படியும், இங்கிலாந்துக்குப் போன சில பெட்டிகளில் வேறொருவருடைய எச்சங்கள் இருந்ததாக அங்குள்ள குடும்பங்களின் வழக்கறிஞர் ஜூலை மாதத்தில் கூறினார்.

“ஆள் மாறிவிட்டது என்று சந்தேகம் வந்தால், புதைத்ததைத் தோண்டிப் பார்க்க வேண்டியதுதானே?” என்றார் ஒரு நண்பர். “போனவர் போய்விட்டார். மண்ணுக்குள் போனதைக் கிளறுவது பாவம். யார் யாரைப் புதைத்தால் என்ன, எல்லாம் மண்தானே?” என்றார் இன்னொருவர். ஆளுக்கு ஒரு கட்சி சேர்ந்துகொண்டார்கள். வழக்கமாக அதிகம் பேசுகிற நான் அன்று வாய் திறக்கவில்லை. “என்ன சார், உங்கள் ரயில்வே என்ன சொல்கிறது?” என்று கேலியாகக் கேட்டார்கள். ‘எழுதித் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

நான் எழுத்தாளன் அல்ல. டிப்ளமோ முடித்துவிட்டு 1981-இல் ரயில் பாதைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, தண்டவாளமும் ஜல்லியுமாகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். அன்று நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம், இந்தக் கேள்வியை நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டதுதான்.

நான் எழுதிய பட்டியல்

ஆண்டு 1985. எந்த ஊர், எந்த ரயில் என்று எழுதப் போவதில்லை. இறந்தவர்களின் சொந்தக்காரர்கள் இன்றும் எங்கோ இருப்பார்கள். தமிழ்நாட்டுக்கு வெகு தூரத்தில், ஒரு சிறிய நிலையத்துக்குப் பக்கத்தில் இரவு நேரத்தில் வண்டி தடம் புரண்டது. கேங்மேன்களை அழைத்துக்கொண்டு முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது.

உடல்களைக் கூட்ஸ் ஷெட்டில் வரிசையாகக் கிடத்தினோம். சாக்பீஸால் பலகையில் எண் எழுதி, ஒரு நோட்டில் அடையாளம் குறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கும் தெரியாது. ஓர் இளைஞனின் உடலுக்கு நேரே, ‘ஆண், சுமார் 25, கட்டம் போட்ட சட்டை, கைக்கடிகாரம்’ என்று எழுதினேன். முகம் பார்க்கும்படியாக இல்லை.

அன்று மாலையே ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. லாந்தர் வெளிச்சத்தில் சட்டையைப் பார்த்தார்கள், வயதைப் பார்த்தார்கள், எங்கள் பையன்தான் என்று கதறினார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்துவிட்டோம். வேனில் கொண்டுபோய்த் தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் கிரேன் வந்து பெட்டியைத் தூக்கியபோது அடியிலிருந்து இன்னோர் உடல் கிடைத்தது. அதே வயது, அதே உடல்வாகு. வலது முன்கையில் தெலுங்கு எழுத்தில் பச்சை குத்தியிருந்தது. எங்கள் கேங்கில் இருந்த தெலுங்குக்காரர் படித்துச் சொன்னார். முதல் நாள் வந்த குடும்பத்தார் தங்கள் பையன் என்று எழுதிக் கொடுத்த அதே பெயர்.

மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். நாலு முழ வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம். மகன் வடக்கே ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குச் சேரப் போனவன். தந்தி பார்த்துப் புறப்பட்டு வந்திருக்கிறார். அங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பச்சை குத்திய உடலைக் காட்டினோம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே கால்மாட்டுக்குப் போய் உட்கார்ந்தார். இடது காலைப் பார்த்துவிட்டு, “இது எம் பிள்ளை இல்ல தம்பி. சின்னதுல கோடாலி விழுந்து அவனுக்கு ரெண்டாவது விரல் கிடையாது” என்றார்.

முதல் நாள் ஒப்படைத்த உடலின் கால்களில் ஷூ இருந்தது. நான் கழற்றிப் பார்க்கவில்லை.

பெரியவரின் தீர்ப்பு

ஆள் மாறிவிட்டது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆந்திரக் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்பினோம். ‘எங்கள் பையனை நாங்கள் அடக்கம் செய்தாகிவிட்டது’ என்று பதில் வந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒருமுறை அழுது முடித்த வீட்டில் திரும்பவும் அழச் சொன்னால் யார்தான் கேட்பார்கள்?

குழியைத் தோண்ட வேண்டுமானால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும், வேறு மாநிலம், வேறு மாவட்டம், வாரக்கணக்கில் ஆகும் என்று எடுத்துச் சொன்னார்கள். நான் அதைத் தமிழில் சொன்னேன். பெரியவர் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னிடம், “தோண்டலாமா தம்பி? நீங்க என்ன சொல்றீய?” என்று கேட்டார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவரே முடிவு செய்துவிட்டார். “வேண்டாம். அந்தத் தாயி தன் பிள்ளைன்னு நெனச்சுப் பூப் போடட்டும். எம் பிள்ளைக்கும் அழ ஆள் இருக்குன்னு நெனச்சுக்கிடுதேன்.”

அங்கிருந்தவர்கள் கண் கலங்கிவிட்டோம். எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டோம். பச்சை குத்திய உடல் உரிமை கோரப்படாத உடல் என்ற கணக்கில் எரிக்கப்பட்டது. பெரியவரை நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன். ஊருக்குக் கடிதம் போடச் சொல்லி என் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.

கடிதம் வந்தது. எழுதியவர் பெரியவர் அல்ல, பள்ளி வாத்தியாரைக் கொண்டு எழுதச் சொன்ன பையனின் தாய். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

தவறு எங்கே நேர்கிறது?

பெற்றவர்களுக்குத் தெரியாதா என்று நாம் நினைக்கிறோம். விபத்தில் மாண்டவர் விஷயத்தில் பெற்றவர்களுக்கும் தெரியாமல் போகும். முகம் சிதைந்திருக்கும், வீங்கியிருக்கும், கருகியிருக்கும். பார்க்க வருபவர் பாதி உயிரோடு வருகிறார். ‘இதை விட்டால் நமக்கு ஒன்றுமே கிடைக்காமல் போய்விடுமோ’ என்ற பயம் வேறு. சட்டை, கடிகாரம், மோதிரம் என்று ஏதோ ஒன்று ஒத்துப்போனால் மனம் மிச்சத்தையும் ஒத்துப்போக வைத்துவிடும்.

இதனால்தான் இன்டர்போல் வகுத்துள்ள முறையில் கைரேகை, பல், டி.என்.ஏ. ஆகிய மூன்றையே முதன்மை அடையாளங்களாக வைத்திருக்கிறார்கள். உடை, நகை, மச்சம் போன்றவை துணை அடையாளங்கள்தாம். முகம் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பி உடலை ஒப்படைக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் பல நாட்டு நிபுணர்கள் கூடி இந்த முறைப்படி வேலை செய்தார்கள். அங்கே அதிகம் கைகொடுத்தது பல் மருத்துவரின் பழைய பதிவேடுகள்தாம். அதே சுனாமியில் நம் நாகப்பட்டினக் கரையில் மாண்டவர்கள் ஆயிரக்கணக்கில் அவசர அவசரமாகப் பெரும் குழிகளில் அடக்கம் செய்யப்பட்டார்கள். கொள்ளைநோய் பரவும் என்ற பயம் ஒரு காரணம். ஆனால் இயற்கைப் பேரிடரில் அடிபட்டு இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் செய்தி.

மங்களூர் கணக்கு

நம் நாட்டில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் மங்களூர். 2010 மே 22-ஆம் தேதி காலை துபாயிலிருந்து வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டார்கள், 8 பேர் பிழைத்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய கடலோரக் கர்நாடக, வடகேரளக் குடும்பத்தினர்தாம் பெரும்பாலோர். உடல்கள் பலவும் கருகியிருந்தன. இருந்தும் பெரும்பாலான உடல்கள் உறவினர்கள் பார்த்து அடையாளம் சொன்னதன் பேரில் முதல் நாள்களிலேயே ஒப்படைக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியவற்றை ஹைதராபாத் டி.என்.ஏ. ஆய்வு மையத்தில் சோதித்தார்கள். முடிவில் 12 உடல்கள், காத்திருந்த எந்தக் குடும்பத்தோடும் பொருந்தவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரையும் மங்களூரை அடுத்த கூளூர் - தண்ணீர்பாவிப் பகுதியில் அடக்கம் செய்தார்கள்.

இதன் பொருள் என்ன? விமானம் என்பது மூடிய பட்டியல். 158 பெயர், 158 உடல். காத்திருக்கும் குடும்பங்களோடு 12 உடல்கள் பொருந்தவில்லை என்றால், அந்தக் குடும்பங்களின் ஆட்கள் ஏற்கெனவே வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். இதற்கு விஞ்ஞானம் வேண்டாம், கூட்டல் கழித்தல் போதும்.

ரயில் அப்படியல்ல. முன்பதிவு இல்லாத பெட்டியில் யார் ஏறினார், யார் எங்கே இறங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது. அது திறந்த பட்டியல். மங்களூருக்கு ஆறே நாள் கழித்து, 2010 மே 28-ஆம் தேதி மேற்கு வங்கத்தில் ஞானேஸ்வரி எக்ஸ்பிரஸ் விபத்தில் சுமார் 150 பேர் மாண்டார்கள். உடல் அடையாளம் தெரியாமல், மரணச் சான்றிதழுக்காகப் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தன. அதே விபத்தில் இறந்ததாகக் கணக்கு காட்டி நஷ்டஈடும் வீட்டாருக்கு வேலையும் பெற்ற ஒருவர் உயிரோடு இருப்பதாக 2021-இல் சி.பி.ஐ. விசாரணையைத் தொடங்கியது. ஆக, டி.என்.ஏ. என்று காகிதத்தில் எழுதியிருப்பதாலேயே அது வேதவாக்கு ஆகிவிடாது. மாதிரி எடுத்த கை, சீட்டு ஒட்டிய கை, கையெழுத்துப் போட்ட கை எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஸ்பெயினில் தோண்டினார்கள்

2003 மே 26-ஆம் தேதி, ஆப்கானிஸ்தானில் பணி முடித்துத் திரும்பிய ஸ்பெயின் ராணுவத்தினர் 62 பேர், துருக்கியின் டிராப்சன் அருகே யாக்-42 விமானம் மலையில் மோதியதில் மாண்டார்கள். இரண்டே நாளில் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்துவிட்டது. அவ்வளவு வேகம் எப்படி வந்தது? அடையாளம் தெரியாத 30 உடல்களுக்கு ஸ்பெயின் ராணுவ அதிகாரிகள் பெயர்களை இஷ்டத்துக்கு ஒட்டியிருந்தார்கள்.

குடும்பங்களுக்குச் சந்தேகம் வந்தது. துருக்கி மருத்துவர்கள் உடல்களைக் கொடுக்கும் முன் டி.என்.ஏ. மாதிரி எடுத்து வைத்திருந்தார்கள். அவற்றோடு ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது. 2004-இல் நீதிபதியின் உத்தரவின்பேரில் கல்லறைகளைத் திறந்தார்கள், உடல்களை உரிய குடும்பங்களிடம் சேர்த்தார்கள். 2009-இல் பொறுப்பான தளபதிக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் நான் கவனித்தது இரண்டு. ஒன்று, யாரோ ஒருவர் முன்யோசனையோடு மாதிரி எடுத்து வைத்திருந்தார். மற்றொன்று, தோண்டுவதைக் கேட்டவர்கள் பத்திரிகைக்காரர்களோ அதிகாரிகளோ மட்டுமல்ல, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களே கேட்டார்கள். ‘மண்ணுக்குள் போனதைக் கிளறாதே’ என்று நாம் சொல்வது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

தோண்டும் முன் ஒரு துளி ரத்தம்

இனி என் கருத்துக்கு வருகிறேன். தோண்டவே கூடாது என்பதும் தவறு, சந்தேகம் வந்த உடனே மண்வெட்டியை எடு என்பதும் தவறு. ரயில்வேயில் ஒரு செக்ஷனில் எங்கோ கேபிள் பழுது என்றால் இருபது கிலோமீட்டரும் தோண்ட மாட்டோம். இரு முனையிலும் மீட்டர் வைத்துப் பார்த்து, பழுது எந்த இடத்தில் என்று குறுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு குழி மட்டும் வெட்டுவோம். மனிதர் விஷயத்திலும் அதுவே வழி.

மங்களூர் மாதிரி ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளுங்கள். பொருந்தாத 12 உடல்கள் கையில் இருக்கின்றன. அவை எந்த வீட்டுக்கு உரியவை என்று கண்டுபிடிக்க ஒரு கல்லறையையும் திறக்க வேண்டாம். ஏற்கெனவே உடலைப் பெற்றுச் சென்ற குடும்பங்களிடம் ஒரு துளி ரத்தம் கேட்டால் போதும். பன்னிரண்டில் ஒன்று ஒரு குடும்பத்தோடு பொருந்திவிட்டால், அந்த வீட்டார் அடக்கம் செய்தது தங்கள் ஆள் அல்ல என்று தெரிந்துவிடும். அப்போதுதான் அந்த ஒரு குழியைத் திறக்கும் கேள்வி வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட குழிகளைப் பற்றிய பேச்சு பன்னிரண்டாகச் சுருங்கிவிடும்.

அதன் பிறகு நான் மூன்று கேள்வி கேட்பேன். தங்கள் ஆளுக்காக ஒரு குடும்பம் காத்திருக்கிறதா? ஒப்பிட்டுப் பார்க்க ரத்தமோ பல்லோ எலும்பின் அடையாளமோ இருக்கிறதா? அடக்கம் செய்த குடும்பத்தை நேரில் பார்த்து, உட்கார்ந்து, முழுதும் சொல்லியாயிற்றா? முதல் இரண்டுக்கு ‘ஆம்’ என்றால் தோண்டத்தான் வேண்டும். மூன்றாவது மரியாதைக்காக. அவர்கள் மறுத்தால் மாஜிஸ்திரேட் முடிவு செய்யட்டும். அழுது முடித்த வீட்டின் நிம்மதி பெரிதுதான். ஆனால் அது இன்னொரு வீட்டின் பிள்ளையை வைத்துக்கொண்டு பெற்ற நிம்மதி என்றால், அதைக் காப்பாற்ற மற்ற வீட்டாரை ஆயுள் முழுவதும் காக்க வைப்பது நியாயம் ஆகாது. முதல் இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் மண்ணைத் தொடக் கூடாது. யாருக்கும் பயன்படாத உண்மைக்காக ஒரு குழியைத் திறப்பது வெறும் ஆர்வக் கோளாறு.

சட்டம் இதில் நமக்குப் பெரிய துணை இல்லை. அடக்கம் செய்த உடலை வெளியே எடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தரும் பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 176. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 196. இரண்டிலும் பேசப்படுவது மரணத்தின் காரணத்தைக் கண்டறிவது பற்றி. ‘இவர் யார்’ என்று கண்டறிவதைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. ஜம்மு - காஷ்மீர் வழக்கு ஒன்றில் மகனின் உடலைத் தோண்டித் தரக் கேட்ட தந்தையின் மனுவை 2022-இல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், இதற்கென்று ஒரு சட்டம் இயற்றுவது பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்று கூறியது.

எரித்துவிட்டால்?

நம்மில் பலருக்கு எரிப்பதுதான் வழக்கம். எரித்த பிறகு தோண்டலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. டி.என்.ஏ.யும் போய்விடும், திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும். மண் பொறுமையானது. கடைவாய்ப் பல்லும் தொடை எலும்பும் பல ஆண்டுகள் கழித்தும் பதில் சொல்லும். ஆகவே சந்தேகம் இருக்கும் உடலை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி எண், ஒரே அடுக்கு, எந்த எண் எந்த இடத்தில் என்று ஒரு வரைபடம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

2023 ஜூன் 2-ஆம் தேதி பாலசோர் அருகே பஹானகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் 296 பேர் மாண்டதை நாம் மறக்க முடியாது. ஒரே உடலுக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் உரிமை கொண்டாடின. அதனால் புவனேஸ்வர் எய்ம்ஸில் உடல்களைக் குளிரூட்டி வைத்து, டி.என்.ஏ. பார்த்து ஒப்படைத்தார்கள். நாலு மாதம் காத்திருந்தும் யாரும் வராத 28 உடல்களை அக்டோபரில் மாநகராட்சி எரியூட்டியது. காத்திருந்தது நல்ல காரியம். எரித்ததற்குப் பதில் புதைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நமக்குச் சில வார்த்தைகள்

ஊரை விட்டு வந்து, வருடத்துக்கு இரண்டு முறை ரயிலிலும் விமானத்திலும் போய் வருகிற நாம் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அமங்கலமாகப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். முன்பதிவில் சரியான பெயரும் வயதும் கொடுங்கள். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போகாதீர்கள். சட்டைப் பையில் வீட்டு விலாசமும் இரண்டு தொலைபேசி எண்களும் எழுதிய சீட்டு இருக்கட்டும். செல்போன் நொறுங்கிவிடும், சீட்டு பிழைக்கும். பல் மருத்துவரிடம் எடுத்த எக்ஸ்ரேயைத் தூக்கி எறியாதீர்கள். உறவில் யாருக்காவது விபத்து என்று கேள்விப்பட்டு ஓட நேர்ந்தால், பெற்றோரோ பிள்ளைகளோ கூடப் போகட்டும். டி.என்.ஏ. சோதனைக்கு அவர்கள் ரத்தம்தான் மிகவும் உதவும். கணவன் மனைவி ரத்தம் ஒருவருக்கொருவர் பயன்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முகம் தெரியாத உடலுக்குச் சட்டையைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டு நாள் தாமதம் ஆனால் ஆகட்டும்.

அந்தக் கடிதங்கள்

சங்கரன்கோவில் பக்கத்துத் தாயின் கடிதத்துக்கு வருகிறேன். நலம் விசாரித்துவிட்டு ஒரே கேள்விதான். ‘தாங்கள் என் மகன் காலைப் பார்த்தீர்களா?’ நான் என்ன பதில் எழுதுவேன்? கை எழுத்தைப் பற்றியும், ஆள் மாறியது பற்றியும் விவரமாக எழுதினேன். மறு வருஷம் மறுபடி அதே கேள்வி. புருஷன் சொன்னதை அந்த அம்மாள் நம்பவில்லை. அவர் பார்த்தது தன் மகன் இல்லாத ஒரு உடலைத்தானே? மகன் இறந்ததை யாருமே பார்க்கவில்லையே? ஒவ்வொரு பொங்கலுக்கும் மகனுக்கு ஒரு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைப்பதாக வாத்தியார் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்.

நஷ்டஈடும் வரவில்லை. உடல் இல்லாமல் இறந்ததாக எழுத மாட்டார்கள். ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாமல் போனால்தான் சட்டம் ஒருவரை இறந்தவராக அனுமானிக்கும். அந்த ஏழு ஆண்டுகளும் மனு எழுதிக் கொடுத்தவன் நான். எட்டாவது ஆண்டு ஏதோ கொஞ்சம் பணம் வந்தது. கேள்வி மட்டும் நிற்கவில்லை.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் டி.என்.ஏ. சோதனை கிடையாது. லால்ஜி சிங் ஹைதராபாத்தில் அந்த முறையைக் கொண்டுவந்தது 1988-இல்தான். ஆனால் எங்களுக்கு டி.என்.ஏ. தேவைப்படவே இல்லை. குழியைத் திறந்து இடது கால் ஷூவைக் கழற்றினால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். காத்திருக்கும் தாய் இருந்தாள், ஒப்பிடும் அடையாளம் இருந்தது. நாங்கள் செய்யவில்லை. பெரியவரின் பெருந்தன்மையைப் புகழ்ந்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பினோம். அந்தப் பெருந்தன்மைக்கு விலை கொடுத்தவள் அவர் மனைவி. அவளை யாரும் கேட்கவில்லை. ஆந்திராவில் இருந்த அந்தக் குடும்பமும் தங்கள் பிள்ளை எங்கே எரிந்தான் என்று தெரியாமலேயே இருந்திருக்கும்.

1997-க்குப் பிறகு கடிதம் வரவில்லை. ஏன் என்று விசாரித்து எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

நூலகத்து நண்பர்களுக்கு என் பதில் இதுதான். மண்ணுக்குள் போனவருக்கு ஒரு கேள்வியும் இல்லை. வெளியே காத்திருப்பவருக்குத்தான் கேள்வி. அவர் கேட்டால், பதில் சொல்லும் அடையாளமும் இருந்தால், தோண்டுங்கள். அந்தப் பெரியவர் “தோண்டலாமா தம்பி?” என்று கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியதும் அதைத்தான்.